அருவி ஏறும் சிறுமீன்

மலை ஏறுவதற்குக் கால் வேண்டும். மரம் ஏறுவதற்குக் கையும் காலும் வேண்டும். இவ்விரண்டும் இல்லாத மீன் ஒன்று, அதுவும் நம் சுண்டுவிரல் நீளமே உள்ள மீன் ஒன்று, செங்குத்தான பாறையில் அருவி நீரை எதிர்த்து ஏறி மலைக்குள் குடிபுகுகின்றது என்று கூறினால் நம்புவார் யார்? கற்பனைக் கதை என்று சிறுவர்கூடச் சிரிப்பர். ஆயினும் இது கதையன்று. இந்தியப் பெருங்கடலில், நம் தமிழ் மக்களின் வழித்தோன்றல்கள் பெருந்தொகையினராய் வாழும் ஒரு தீவில், ஆண்டுதோறும் நடைபெறும் உண்மை நிகழ்ச்சி. அத்தீவில் சில நாட்கள் தங்கி அதனைக் காணும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. கண்டதையும் கேட்டறிந்ததையும் வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகின்றோம்.

தீவும் அதன் மலைகளும்

மடகாஸ்கருக்குக் கிழக்கே ஏறத்தாழ 700 கிலோமீட்டர் தொலைவில் ரெயூனியன் தீவு உள்ளது. மொரீசியசு அதற்கு அண்மைய அயல் தீவு. பரப்பளவு ஏறத்தாழ 2,500 சதுரக் கிலோமீட்டர். மக்கள்தொகை ஏறத்தாழ ஒன்பது லட்சம். முற்காலத்தில் பூர்போன் தீவு என்று வழங்கிய இந்நிலம் 1946ஆம் ஆண்டு முதல் பிரான்சு நாட்டின் ஒரு மாவட்டமாகவே விளங்குகின்றது. பேசுவது பிரெஞ்சும் கிரியோல் மொழியும். புழங்குவது யூரோ நாணயம்.

சிறிய தீவாயினும் அதன் நடுவே நிற்கும் பித்தோன் தெ நேஜ் என்னும் சிகரம் 3,070 மீட்டர் உயரம் உடையது. நம் ஆனைமுடியைவிட அது உயர்ந்தது. கடலோரத்தில் நின்று பார்த்தால், மலை நேரே நீரிலிருந்து எழுந்து முகிலுக்குள் புகுவது போலத் தோன்றும். காரணம், இத்தீவு முழுவதும் எரிமலை கக்கிய குழம்பால் ஆனது. ஏறத்தாழ முப்பது லட்சம் ஆண்டுகளுக்கு முன்னர் கடலுக்கு மேல் தலைதூக்கிய நிலம் இது. தென்கிழக்கில் உள்ள இன்னொரு எரிமலை இன்றும் அடங்கவில்லை. 1977ஆம் ஆண்டு ஏப்ரலில் அதன் குழம்பு புனித ரோசா பெயர் தாங்கிய ஊருக்குள் இறங்கி, அங்குள்ள ஆலயத்தைச் சுற்றிவளைத்து, அதன் வாயிலோடு நின்றுவிட்டது. கருகி உறைந்த அக்குழம்பின் நடுவே அவ்வாலயம் இன்றும் நிற்கின்றது.

இத்தகைய மலைகளின் மீது கீழ்க்காற்று கொணரும் மழை கொட்டுகின்றது. 1966ஆம் ஆண்டு சனவரியில் வீசிய ஒரு புயலின்போது, அம்மலைகளில் ஃபோக் ஃபோக் என்னுமிடத்தில் 24 மணி நேரத்தில் 1,825 மில்லிமீட்டர் மழை பெய்தது. சென்னை மாநகர் ஓராண்டு முழுவதும் பெறும் மழையைவிட இது மிகுதி! உலகில் ஒரே நாளில் பெய்த மழைக்கு இதுவே உச்ச அளவாகக் குறிக்கப்பெற்றுள்ளது. இவ்வளவு நீரும் சில கிலோமீட்டர் தொலைவுக்குள் கடலைச் சேர வேண்டும். ஆதலின் இங்குள்ள ஆறுகள் நம் காவிரியைப் போல ஆடி அசைந்து நடப்பவை அல்ல. பாறைக்குப் பாறை தாவி ஓடுபவை.

கிழக்குக் கரைச் சாலையில்

தலைநகரான சேன் தெனியிலிருந்து கிழக்கு நோக்கிப் புறப்பட்டோம். வழிநெடுகிலும் ஊர்களுக்குப் புனிதர்களின் பெயர்கள். புனித மரியா, புனித சூசன்னா, புனித அந்திரேயா, புனித ஆசீர்வாதப்பர் என வரிசையாக வரும் பெயர்ப்பலகைகளைப் படித்தவாறு செல்லுகையில், புனிதர்களின் மன்றாட்டு மாலையைச் சொல்லிக்கொண்டே பயணம் செய்வதுபோல் இருந்தது. இருமருங்கும் ஆளுயரக் கரும்பு. இப்பகுதியில் வனில்லாக் கொடியும் பயிராகின்றது. வனில்லாப் பூவைக் கையால் மகரந்தம் சேர்த்துக் காய்க்கச் செய்யும் எளிய முறையை 1841ஆம் ஆண்டில் கண்டறிந்தவன், புனித சூசன்னா ஊரில் அடிமையாய் இருந்த எட்மொன் என்னும் பன்னிரண்டு வயதுச் சிறுவன் என்பதை அறிந்து வியந்தோம். உலகெங்கும் வனில்லாப் பயிர் பரவியதற்கு அச்சிறுவனின் விரல்களே வழிவகுத்தன.

1848ஆம் ஆண்டு டிசம்பர் 20ஆம் நாள் இத்தீவில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்கள் வழியாகவும், பின்னர் 1860ஆம் ஆண்டின் ஆங்கில பிரெஞ்சு உடன்படிக்கைக்குப் பிறகு சென்னை வழியாகவும் நம் மக்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறினர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவ்வாறு சென்றவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர். 1882ஆம் ஆண்டில் ஆங்கில அரசு அதனை நிறுத்தியது. மீண்டு வந்தோர் சிலர். அங்கேயே தங்கினோர் பலர். அவர்களின் வழித்தோன்றல்களை அங்கு 'மல்பார்' என்று அழைக்கின்றனர்.

அம்மக்கள் நம் மொழியைப் பெரும்பாலும் இழந்துவிட்டனர். முதற்பெயர் பிரெஞ்சுப் பெயராய் இருக்கும். குடும்பப் பெயரோ ராமசாமி என்றும் மாரிமுத்து என்றும் இருக்கும். நாம் தமிழில் பேசியபோது அன்போடு தலையசைத்தார்கள். விடை சொல்ல இயலவில்லை. ஆனால் சந்தைக்குச் சென்றபோது நம் செவிகளை நாமே நம்ப முடியவில்லை! கறிவேப்பிலையைக் 'கலுப்பிலே' என்கின்றனர். கொத்தமல்லி அங்கே 'கொத்தோமிலி'. முருங்கைக்கீரை 'பிரேத் முருங்'. குழம்பு வகை யாவும் 'கரி'. நா பேச மறந்த மொழியை அடுக்களை மறக்கவில்லை.

ஆற்றின் வாயில்

புனித அந்திரேயா ஊரைக் கடந்ததும் ரிவியேர் தூ மா என்னும் ஆறு குறுக்கிடுகின்றது. அதற்கு அப்பால் பிரா பனோன் என்னும் சிற்றூர். அதற்கும் அப்பால் ரிவியேர் தே ரோஷ், அதாவது பாறைகளின் ஆறு. நமக்கு வழிகாட்டியாக வந்த அவ்வூர்ப் பங்குத்தந்தை வண்டியைச் சாலையோரம் நிறுத்தி, ஆறு கடலில் கலக்கும் இடத்திற்கு நம்மை நடத்திச் சென்றார். நவம்பர் மாதம் அது. அத்தீவுக்குக் கோடைத் தொடக்கம்.

உருண்டைக் கற்கள் நிறைந்த கரை. ஆற்றுவாயில் மனிதர்கள் கற்களை அணைபோல் அடுக்கி, நீரைச் சிறுசிறு கால்வாய்களாகப் பிரித்திருந்தனர். ஒவ்வொரு கால்வாயின் கழுத்திலும் ஒரு பறி வைக்கப்பட்டிருந்தது. நம்மூர்ப் பறியைப் போன்றதே. நீண்டு, ஒரு முனை விரிந்து மறுமுனை குவிந்தது. 'வூவ்' என்பது அதன் பெயர். முற்காலத்தில் தென்னை ஈர்க்கு முதலிய நார்ப்பொருள்களைக் கொண்டே அதனைப் பின்னினர். இன்று நெகிழி வலையும் கம்பியும் அதில் இடம்பெறுகின்றன.

இடுப்பளவு நீரில் நின்ற ஒருவர் பறியைத் தூக்கி வாளியில் கவிழ்த்தார். எட்டிப் பார்த்தோம். முதலில் ஒன்றும் தெரியவில்லை. கஞ்சி போல் ஏதோ அசைந்தது. உற்றுநோக்கியபோதுதான், அவை ஆயிரக்கணக்கான கண்கள் எனக் கண்டோம்! உடல் கண்ணாடி போல் ஊடுருவித் தெரிய, கண் மட்டும் கருமணியாய் மின்னும் குஞ்சு மீன்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஓர் அங்குலம். இவற்றைத்தான் அத்தீவு மக்கள் 'பிஷிக்' என்று அழைத்துப் பெரும் விலை கொடுத்து வாங்குகின்றனர்.

ஒரு வாழ்க்கை வரலாறு

பிஷிக் என்பது தனி மீனின் பெயரன்று. நம் ஆறு குளங்களில் காணப்படும் உளுவை மீனின் உறவினங்களாகிய இருவகைச் சிறுமீன்களின் குஞ்சுகளுக்கே அப்பெயர். ஒருவகை, 'சிசியோப்தெரசு லாகோசெபாலசு' என்று அறிவியலார் பெயரிட்ட மீன். முயல்தலையன் என்று அதற்குப் பொருள் கூறலாம். இந்தியப் பெருங்கடலின் மேற்குத் தீவுகள் முதல் பசிபிக் பெருங்கடலின் பாலினேசியத் தீவுகள் வரை அது பரவியுள்ளது. மற்றொரு வகை 'கொத்திலோபசு அக்குத்திப்பின்னிசு'. ரெயூனியன், மொரீசியசு ஆகிய தீவுகளின் பகுதிக்கே உரியது.

வளர்ந்த மீன் தெளிந்த மலையாற்றில் வாழும். கற்களின் மேல் படரும் மெல்லிய பாசியை, சீப்பின் பற்கள் போன்ற நுண்ணிய பற்களால் சுரண்டித் தின்னும். அதன் வயிற்றுப்புறத் துடுப்புகள் இரண்டும் ஒன்றாய் இணைந்து ஒரு கிண்ணம் போல் அமைந்துள்ளன. அக்கிண்ணத்தைப் பாறையில் அழுத்தி ஒட்டிக்கொள்வதால், எத்தகைய வெள்ளமும் அதனை எளிதில் அசைப்பதில்லை. இனப்பெருக்கக் காலத்தில் ஆண்மீனின் உடல் நீலமாய் ஒளிரும், வால் சிவக்கும்.

பெண்மீன் கல்லுக்கடியில் பல்லாயிரம் முட்டைகளை இடுகின்றது. முட்டையிலிருந்து வெளிப்படும் உயிர் ஓரிரு மில்லிமீட்டர் அளவினது. வாயும் இன்னும் சரிவர அமையவில்லை. அதனை ஆறு அடித்துச் செல்கின்றது. இங்கேதான் அதன் முதற் சோதனை. சில நாட்களுக்குள் அது உப்புநீரைச் சேர்ந்தாக வேண்டும். சேராவிடில் ஆற்றிலேயே மடியும். பிறந்த இடத்தில் தங்கினால் சாவு. பிரிந்து சென்றால் வாழ்வு!

கடலைச் சேர்ந்த குஞ்சு, அலைகளின் போக்கில் மிதந்து நுண்ணுயிர்களை உண்டு வளர்கின்றது. முயல்தலையன் ஆறு ஏழு மாதங்கள்வரை கடலில் கழிக்கின்றது. மற்றைய வகைக்கு அக்காலம் குறைவு. மீன்களின் காதுக்குள் இருக்கும் சிறு கற்களில் மரத்தின் ஆண்டு வளையங்கள் போல நாள் வளையங்கள் உள்ளன. அவற்றை எண்ணியே அறிவியலார் இக்கணக்கைக் கண்டறிந்தனர். பின்னர் ஏதேனும் ஓர் ஆற்றின் நன்னீர் கடலில் கலக்குமிடத்தை உணர்ந்து, கூட்டங்கூட்டமாய்க் கரையை நோக்கி வருகின்றன. நாம் வாளியில் கண்டவை அவ்வாறு வந்தவையே.

ஆற்றினுள் புகுந்த சில நாட்களில் அதன் உடலில் வியத்தகு மாற்றங்கள் நிகழ்கின்றன. கண்ணாடி உடலில் நிறம் ஏறுகின்றது. கடலில் இருந்தபோது முகத்தின் முன்புறம் இருந்த வாய் இப்போது கீழ்ப்புறமாகத் திரும்புகின்றது. மிதக்கும் இரையைக் கவ்விய வாய், பாறையைச் சுரண்டும் வாயாக மாறுகின்றது. அவ்வாயே ஏறுவதற்கும் கருவியாகின்றது.

பாறையில் ஏறும் விதம்

ரிவியேர் தே ரோஷின் மேற்பகுதியில் 'அமைதிக் குளம்' என்னும் பொருள்படும் பெயருடைய ஓர் அருவித் தடாகம் உள்ளது. செதுக்கி அடுக்கிய தூண்கள் போன்ற கரும்பாறைகளின் நடுவே அருவி விழுகின்றது. அதன் ஓரத்தில், நீர் மெல்லிய திரையாய் வழியும் பாறையை வழிகாட்டியவர் சுட்டிக்காட்டினார். நெடுநேரம் நோக்கியிருந்தோம். பின்னரே கண்ணுக்குப் புலப்பட்டது: ஈரப்பாறையில் ஒட்டியிருந்த சிறு கறுப்புக் கோடுகள் மெல்ல மெல்ல மேல்நோக்கி நகர்ந்தன.

ஏறும் முறை இதுதான். மீன் முதலில் வாயால் பாறையைக் கவ்விப் பிடிக்கின்றது. பின்னர் வயிற்றுக் கிண்ணத்தைத் தளர்த்தி, உடலை மேலே இழுத்து, கிண்ணத்தை மீண்டும் ஒட்டுகின்றது. அதன்பின் வாயை விடுத்துத் தலையை மேலே நீட்டிக் கவ்வுகின்றது. வாய், வயிறு, வாய், வயிறு என மாறி மாறி ஒட்டி ஏறுகின்றது. இடையிடையே களைத்து நின்று இளைப்பாறுகின்றது. தவறி விழுந்தால் அடியிலிருந்து மீண்டும் தொடங்குகின்றது. மூன்று சென்டிமீட்டர் மீன் பத்து மீட்டர் உயரம் ஏறுவது, ஐந்தரை அடி மனிதன் ஆயிரத்து எண்ணூறு அடிச் செங்குத்துப் பாறையில் ஏறுவதற்கு ஒப்பாகும். பசிபிக் பெருங்கடலின் ஹவாய்த் தீவில் 135 மீட்டர் உயரமுள்ள அக்காக்கா அருவியின் மேற்பகுதியிலும் இதன் உறவின மீன் ஒன்று வாழ்கின்றது. அதுவும் கீழிருந்து ஏறிச் சென்றதே.

இத்துணைத் துன்பம் எதற்கு? ஆற்றிலேயே பிறந்து ஆற்றிலேயே வளரலாகாதா? விடை அத்தீவின் பிறப்பிலேயே உள்ளது. கடல் நடுவே நெருப்பிலிருந்து பிறந்த நிலத்திற்கு எந்த நன்னீர் மீனும் தரைவழி வந்திருக்க இயலாது. ஒரு பெருவெள்ளம் வந்தால் ஆறு முழுவதும் துடைத்தெடுக்கப்படும். எரிமலைக் குழம்பு வழிந்தால் ஓர் ஓடையே மறைந்துபோகும். அப்போதெல்லாம் கடலில் வளரும் குஞ்சுகள் சேமிப்பு விதைபோல் காத்திருந்து, வெறுமையான ஆற்றை மீண்டும் நிரப்புகின்றன. நிலையற்ற நிலத்தில் நிலைத்து வாழ, இம்மீன் கண்ட வழி இதுவே.

அடுக்களையின் பெருமை

அன்றிரவு பங்குமனையில் நமக்குப் பிஷிக் கரி படைத்தனர். வெங்காயம், பூண்டு, இஞ்சி, தக்காளி, மஞ்சள், பச்சைமிளகாய் ஆகியவற்றை எண்ணெயில் வதக்கி, அதில் மீனைச் சேர்த்து, உடையாமல் வேகவைத்து, வெண்சோற்றோடு பரிமாறுகின்றனர். மஞ்சளை அங்கு 'குங்குமப்பூ' என்னும் பெயரால் அழைப்பது ஒரு வேடிக்கை. சுவையைக் கேட்பீராயின், மதுரைப் பக்கத்து அயிரை மீன் குழம்பை உண்டவர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. திருமணம், முதல் நற்கருணை, கிறிஸ்து பிறப்பு விழா போன்ற நாட்களில் பிஷிக் கரி இருந்தால் அவ்வீட்டாருக்குப் பெருமை. கிலோ ஒன்றின் விலை பல பத்து யூரோ. வரத்து குறைந்த நாட்களில் அது மேலும் ஏறும். நம் நாணயத்தில் ஆயிரக்கணக்கான ரூபாய் என்க.

பெருமைக்குரிய இவ்வுணவே இன்று அத்தீவின் கவலையாகவும் ஆகியுள்ளது.

குறைந்துவரும் வரவு

முன்னாளில் பிஷிக் ஏறும் பருவத்தில் ஆற்றின் ஓரம் கருங்கயிறு போல் மீன்கூட்டம் நகரும் என்று முதியோர் கூறுகின்றனர். இன்று அத்தகைய காட்சி அரிதாகிவிட்டது. காரணங்கள் பல. ஆற்றுவாய் முழுவதையும் கல்லணையும் பறியும் அடைத்துவிட்டால், மலையேற வேண்டிய மீன் வாளியிலேயே முடிகின்றது. உரிமம் பெற்றவர் பகலில் பிடித்தால், உரிமம் பெறாதவர் இரவில் பிடிக்கின்றனர். மழை மிகுந்த கிழக்குப் பகுதியின் நீரில் ஒரு பங்கு, மலையைக் குடைந்த சுரங்கங்கள் வழியே வறண்ட மேற்குக் கரையின் வயல்களுக்குச் செல்கின்றது. மின்னாக்கத்திற்காகவும் நீர் தடுக்கப்படுகின்றது. வயலுக்கு நீரும் வீட்டிற்கு விளக்கும் வேண்டியவையே. அவற்றை யாரும் பழிக்க இயலாது. ஆயினும், அருவியில் ஏறும் மீனால் காய்ந்த பாறையில் ஏற முடியாது. முன்புறம் சாய்ந்து நிற்கும் அணையின் விளிம்பையும் அதனால் கடக்க முடியாது. நீர் மெலிந்த ஆற்றில், புதிதாய்ப் பிறந்த குஞ்சுகள் கடலை அடையத் தாமதமானால் வழியிலேயே மடிகின்றன.

ஆற்றுவாயில் நாம் கண்ட அம்மீனவரோடு, பங்குத்தந்தை மொழிபெயர்க்க, சிறிது நேரம் உரையாடினோம். அறுபதைக் கடந்தவர், கரும்புத் தோட்டத்திற்கு வந்த தமிழ்க் கூலி ஒருவரின் நான்காம் தலைமுறை. "ஆற்றை இப்படி முழுவதும் அடைத்தால் நாளை மீன் எங்கிருந்து வரும், ஐயா?" என்று வினவினோம்.

அவர் சினம் கொள்ளவில்லை. "மோன் பேர், எம் தந்தை ஆற்றில் மூன்றில் ஒரு பங்கைத் திறந்தே விடுவார். 'அது மலையின் பங்கு' என்பார். நானும் நெடுநாள் அவ்வாறே விட்டேன். ஆனால் நான் விட்ட மீனை, இருநூறு அடி தள்ளி நின்று இன்னொருவன் எடுத்துக்கொள்கின்றான். நான் விட்டதால் பெருகியது அவன் பறியே. என் பிள்ளையின் படிப்புக்குப் பணம் குறைந்தது. இப்போது நான் என்ன செய்ய வேண்டும்? நீங்களே சொல்லுங்கள்" என்றார்.

நாம் உடனே விடை கூறவில்லை. எளிதாய் ஓர் அறிவுரை கூறிவிட்டு வண்டியில் ஏறிவிடலாம். நீரில் நிற்பவர் அவர். கரையில் நிற்பவர் நாம். அவரது கேள்வியில் பேராசை இல்லை. தனித்து விடப்பட்ட ஒருவரின் தவிப்பே இருந்தது.

யாருடைய மீன்?

அக்கேள்வியை நாம் இன்றும் எண்ணிப் பார்க்கின்றோம். இம்மீனின் வரலாற்றிலேயே அதன் கடினமும் அடங்கியுள்ளது. சால்மன் மீன் தான் பிறந்த ஆற்றையே தேடித் திரும்பும் என்று பாடநூலில் படித்திருக்கின்றோம். இச்சிறுமீன் அவ்வாறன்று. கடலில் பல மாதம் அலைந்தபின், தனக்கு எதிர்ப்படும் எந்த நன்னீர் ஆற்றிலும் அது புகும். ரிவியேர் தே ரோஷில் பிறந்தது ரிவியேர் தூ மாவில் ஏறலாம். வேறொரு தீவையே அடையவும் கூடும். ஆகவே ஒரு மீனவர் தம் ஆற்றில் மீனை விட்டால், அதன் பயன் தமக்கே திரும்பும் என்னும் உறுதி இல்லை. அவர் காத்ததைப் பிறர் அறுவடை செய்வர். அவர் அறுவடை செய்வது பிறர் காத்தது.

இதனால்தான் தனியொருவரின் நற்செயல் மட்டும் இங்குப் போதுவதில்லை. ஆற்றுவாயில் நிற்போர் அனைவரும் ஒருங்கே உடன்பட வேண்டும். நீரைத் திருப்பும் அரசும் ஆற்றுக்குரிய பங்கை விட வேண்டும். விலை கொடுத்து வாங்குவோரும், முறைகேடாய்ப் பிடித்ததை வாங்க மறுக்க வேண்டும். மீனவர் சங்கங்களும் அரசு அலுவலரும் அறிவியலாரும் ஒன்றுகூடி, ஆற்றில் மீனுக்கு வழிவிடும் முறைகளைப் பற்றிப் பேசி வருகின்றனர். பேச்சு எளிதன்று, ஆயினும் அதனைத் தவிர வேறு வழியில்லை. பிலிப்பைன்சு நாட்டில் 'இப்போன்' என்றும், மேற்கிந்தியத் தீவான தொமினிக்காவில் 'தித்திரி' என்றும் இம்மீனின் உறவினக் குஞ்சுகளை இவ்வாறே பிடித்து உண்கின்றனர். அங்கும் எழும் கேள்வி இதுவே.

நம் நாட்டுக்கும் இது புதிதன்று. புதுவெள்ளத்தை எதிர்த்து ஏறிவரும் சினைமீனைக் கலிங்கின் வாயில் பறி வைத்து முற்றிலும் வாரிவிட்டால், அடுத்த ஆண்டு கண்மாயில் மீன் ஏது என்பதை நம் ஊர்ப் பெரியோர் அறிந்திருந்தனர். கண்மாய்த் தண்ணீரை முறைவைத்துப் பங்கிட்டதும், ஊர்கூடி ஒரே நாளில் மீன் பிடித்ததும் அவ்வறிவின் பயனே. அந்த ஊர்க்கட்டுப்பாடு குலைந்த இடங்களில் இன்று நீரும் இல்லை, மீனும் இல்லை.

விடைபெறும் முன்னர் அம்மீனவரிடம் ஒன்று மட்டும் கூறினோம்: "ஐயா, நீங்கள் தனியாய் விட வேண்டும் என்று கேட்க எமக்கு உரிமையில்லை. ஆனால் மலையின் பங்கு என்று ஒன்று உண்டு என்பதை அறிந்தவர் நீங்கள். அச்சொல்லை உங்கள் பிள்ளைகளுக்கும், இருநூறு அடி தள்ளி நிற்கும் அந்த மனிதருக்கும் சொல்லிவிடுங்கள். சொல் இருந்தால், செயலும் ஒரு நாள் வரும்." மொழிபெயர்ப்பைக் கேட்டு அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின், "அந்த மனிதன் என் தம்பிதான், மோன் பேர்" என்று சிரித்தார். நாமும் சிரித்தோம்; ஆனால் அச்சிரிப்பில் கொஞ்சம் பாரம் இருந்தது.

குடும்பங்களிலும் இதுதானே நிகழ்கின்றது? நாம் விட்டுக்கொடுத்தால் தம்பி எடுத்துக்கொள்வான் என்று அண்ணனும், அண்ணன் எடுத்துக்கொள்வான் என்று தம்பியும் வாய்க்காலை அடைக்கின்றனர். நடுவே வற்றுவது ஆறு. பெற்றோர் விட்டுச்செல்லும் நிலத்தையும் நீரையும், தம் பிள்ளைகள் மட்டுமன்றி, முகமறியாத யாரோ ஒருவரின் பிள்ளைகளும் துய்க்க வேண்டும் என்று எண்ணுவதே உண்மையான சேமிப்பு. கடல் கடந்து சென்ற நம் முன்னோர், தாம் காணப்போகாத தலைமுறைக்காக அந்நிய மண்ணில் முருங்கையும் கறிவேப்பிலையும் நட்டனர். இன்று அம்மரங்களின் நிழலில் நிற்பவர்கள் நட்டவரின் மொழி அறியார். ஆயினும் அந்த இலையின் மணம் அவர்கள் கரியில் இருக்கின்றது.

ஓர் அங்குல மீனுக்கு ஆற்றில் ஒரு முழ அகலம் வழி போதும். அதையும் அடைக்காதிருப்போமாக.